அழகரே பைய வர்றாரு, உனக்கென்னப்பா அவசரம்?

வா பேராண்டி, உக்காரு. மதுரைக்குப் போறியாமுல்ல? அதுவும் கத்திரி வெயிலுல. ரெண்டே ரெண்டு நாளுக்காம். உங்க ஆத்தா சொன்னா. கையில என்ன, பட்டியலா? குடு பாப்போம். எழுத்து பொடிசா இருக்கு. நீயே வாசி.

அடேயப்பா! இருபத்திரெண்டு இடமா? மணி வேற போட்டிருக்க. பதினொண்ணே காலுக்குத் தெப்பக்குளம். பன்னெண்டே முக்காலுக்கு மீனாட்சியம்மன் கோயில். ஒண்ணே முக்காலுக்கு 'ஃபுட் டிரெயில்'. அது என்னப்பா டிரெயிலு? ஓ, நடந்து போயி கடைகடையாத் திங்கிறதா? எங்க காலத்துல அதுக்கு ஊர் மேயுறதுன்னு பேரு. வீட்டுக்குத் தெரிஞ்சா வெளக்குமாறு பிஞ்சுரும். நீ அதுக்குப் பணமும் கட்டி, முன்னால போக ஒரு ஆளையும் வச்சிக்கிட்டுப் போற. நல்லாருப்பா. காலம் மாறிருச்சு.

சரி, ஒண்ணு சொல்லு. பன்னெண்டே முக்காலுக்குக் கோயிலுக்குப் போயி யாரைப் பாக்கப் போற? பன்னெண்டரைக்கு நடை சாத்திருவாக. பெறகு நாலு மணிக்குத்தான் தொறப்பாக. மதுரையை ஆளுறவளே மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு ஓய்வெடுக்கா. அவளுக்கு இல்லாத வேலையா உனக்கு? ஒண்ணே முக்கால் மணிக்குத் தெருவுல சோறு தேடி அலையிறவன் ஒண்ணு கல்யாண வீட்டுல பந்தி தவறுனவனா இருக்கணும், இல்லாட்டி பெங்களூருலருந்து வந்தவனா இருக்கணும்.

பையில என்ன வச்சிருக்க? காட்டு. மூஞ்சிக்குப் பூசுற களிம்பு. கருப்புக் கண்ணாடி. கழுத்துல மாட்டுற காத்தாடியா? அட, மாட்டு பாப்போம். நுகத்தடி பூட்டுன காளை மாதிரியே இருக்கப்பா! தொப்பி, முழுக்கைச் சட்டை, அதுக்கு மேல ஒரு சட்டை. வெயிலுக்குன்னு இம்புட்டையும் மாட்டுனா, உள்ள வேகுறது யாரு?

1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, இதே மதுரையில, மேலமாசி வீதியில ஒரு வீட்டு மாடியில வச்சுத்தான் காந்தி சட்டை, தொப்பி எல்லாத்தையும் விட்டாரு. வெயிலுக்காக இல்லப்பா. நம்ம சம்சாரி உடுத்துறதுக்கு இல்லாம இடுப்புத் துணியோட நிக்கிறான், எனக்கு எதுக்கு இம்புட்டுத் துணின்னு அரை வேட்டியோட கீழ எறங்கி வந்தாரு. அந்த வீடு இன்னைக்கும் இருக்கு. கீழ கதர்க்கடை. உன் பட்டியல்ல அது இருக்கா? இல்லை. அதுக்குப் பதிலா என்னமோ 'கோபுர வியூ ரூஃப்டாப்'னு இருக்கு. கோபுரம் தெரியிற மாடிக்கு வாடகை ரெட்டையாம். தெருவுல நின்னு தலையைத் தூக்குனா அதே கோபுரம் ஓசியில தெரியுமே, அது ஆகாதாக்கும்? கதர்க்கடையில ஒரு துண்டு வாங்கு. தலையில போட்டா தொப்பி. மூஞ்சியைத் தொடைக்கலாம். தரையில விரிச்சா பாயி. பஸ்ஸு சீட்டுல போட்டா ரிசர்வேசன்.

நான் சொல்றபடி கேளு. கோடைக்கு ஊர்ப் பக்கம் ஒரு நாளை ரெண்டா மடிச்சு வச்சிருக்காக. வெள்ளன ஒரு மடிப்பு, பொழுதடைஞ்ச பெறகு ஒரு மடிப்பு. நடுவுல இருக்குறது ஒறங்குறதுக்கு. நீ என்னடான்னா ஒறங்குற நேரத்துல ஊரைச் சுத்திட்டு, ஊரு முழிக்கிற நேரத்துல ரூம்புல ஏசியைப் போட்டுப் படுக்கத் திட்டம் போட்டிருக்க. தூங்கா நகரம்னு பேரு வாங்குன ஊருக்குப் போயி ராத்திரி பத்து மணிக்குப் படுத்துக்கிட்டா, அதுக்குப் பெங்களூருலயே படுத்திருக்கலாமே?

வெள்ளன அஞ்சு மணிக்குக் கோயிலுக்குப் போ. அந்நேரம் கல்லு குளுந்து கெடக்கும். ஆடி வீதியில வெறுங்கால் வச்சா உச்சந்தலை வரைக்கும் சில்லுன்னு ஏறும். அதே கல்லு பதினோரு மணிக்கு என்ன பண்ணும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரகாரத்துல துள்ளித் துள்ளி ஓடுறவகளைப் பாத்தாலே தெரியும், இவுக எட்டு மணி வரைக்கும் ஒறங்குனவகன்னு. பக்தி முத்தி ஆடுறாகன்னு நெனைச்சிராத.

செருப்போட சேத்துப் போனையும் வெளியிலேயே குடுத்துரணும். ஏன் மூஞ்சி செத்துப் போச்சு? 2018 பிப்ரவரியில வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சுக் கடைகளெல்லாம் எரிஞ்சு போச்சு. அதுக்குப் பெறகு உள்ள போன் கூடாதுன்னு ஐகோர்ட்டு சொல்லிருச்சு. நீ போட்டோ எடுக்காட்டி மீனாட்சி கோவிச்சுக்க மாட்டா. அவளை நேராப் பாத்தவக எம்புட்டோ பேரு, எல்லாரும் கண்ணாலதான் பாத்தாக. ஆத்தாவைக் கண்ணால பாக்கக் கூலியா கேக்காக?

ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போனா தூணு மொத்தம் 985-தான். மிச்சம் பதினஞ்சு எங்கன்னு அங்க உள்ள ஆளை நோண்டாத. ஆயிரம்னா ஆயிரந்தானான்னு கேக்குறவன் கல்யாணத்துல பாயசத்துல முந்திரி எண்ணுறவன். அரியநாத முதலியாரு கட்டுனது, 1569-ல. ஒரு தூணைப் புடிச்சு நின்னு நல்லாப் பாரு. ஒரு தூணு போதும். குறவன் ராசகுமாரியைத் தூக்கிக்கிட்டு ஓடுறான்னு ஒரு செலை இருக்கு. நரம்பு பொடைச்சிருக்கும், வெலா எலும்பு தெரியும். அந்தக் கல்லுல அதைக் கொண்டாந்த ஆசாரி கழுத்துல காத்தாடி மாட்டிக்கிட்டு ஒண்ணும் செதுக்கல.

இன்னொண்ணும் நெனைச்சுக்க. நீ சர்வசாதாரணமா நொழையிற வாசல்ல, நம்ம சனத்துல ஒரு பகுதியை நொழைய விடாமத்தான் வச்சிருந்தாக. 1939 சூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யரு கூட்டிக்கிட்டுப் போனாரு. கக்கனும் கூடப் போனாரு. இதுல கேலி பண்ண ஒண்ணும் இல்லை. வாசப்படியை மிதிக்கும்போது நெனைச்சுக்க, அம்புட்டுத்தான்.

வெளிய வந்ததும் போனை வாங்கி மேப்பைத் தொறப்ப. தெரியும். அந்தம்மா 'இடது பக்கம் திரும்பவும்'னு சொல்லி உன்னைப் பாத்திரக்கடைச் சந்துக்குள்ள கொண்டு போயி விட்டுரும். மதுரைக்கு எதுக்கய்யா மேப்பு? கோயிலைச் சுத்தி ஆடி வீதி. அதைச் சுத்திச் சித்திரை வீதி. அதுக்கும் வெளிய ஆவணி மூலவீதி, பெறகு மாசி வீதி, கடைசியா வெளிவீதி. எல்லாம் சதுரம் சதுரமாத்தான். எங்க போயிச் சிக்குனாலும் தலையைத் தூக்கு. கோபுரம் தெரியும். ஒசரமானது தெக்குக் கோபுரம், நூத்தி எழுவது அடிகிட்ட இருக்கும். அதை வச்சுத் தெக்கு வடக்கு கண்டுக்க வேண்டியதுதான். மதுரையைச் சுத்துன கழுதையும் வேற ஊருக்குப் போகாதுங்குறது சும்மாவா? கழுதைக்கு வழி தெரிஞ்சிருக்கு. உனக்குச் சாட்டிலைட்டு வேண்டியிருக்கு.

அந்த வெளிவீதி இருக்கே, அங்கதான் முந்திக் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்துச்சு. 1840-கள் வாக்குல பிளாக்பர்ன்னு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டரு அதை இடிச்சுத் தூத்து ஊரை விரிச்சாரு. இடிப்பு வேலையைப் பாத்தவக பேருலதான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். கலெக்டருக்கு நெனைப்பா ஒரு வெளக்குத் தூணு வச்சாக. இன்னைக்கு அந்த விளக்குத்தூண் பக்கம் போற ஆளுக கலெக்டரைத் தேடிப் போகல. ஜிகர்தண்டாவைத் தேடிப் போறாக. கோட்டையை இடிச்ச மனுசனுக்கு இந்தக் கதி.

ஜிகர்தண்டா உன் பட்டியல்ல அஞ்சு எடத்துல வருது. 'ஒரிஜினல்', 'அதென்டிக்', 'ஃபேமஸ்'னு வேற போட்டிருக்க. எல்லாக் கடையிலயும் ஒரிஜினல்னுதான் போர்டு. டூப்ளிகேட்டுன்னு எவனாவது போர்டு வப்பானா? அதுல உள்ள சரக்கு என்ன? சுண்டக் காய்ச்சுன பாலு. ராவே ஊறப்போட்ட பாதாம் பிசினு, அது ஊறிக் கண்ணாடிக் கட்டியாக் கொழகொழன்னு நிக்கும். நன்னாரி சர்பத்து. மேல ஒரு கரண்டி ஐஸ்கிரீமு. குடுத்ததும் குடிச்சிரணும். நான் பாத்தேனே ஒரு சோடியை. டம்ளரைத் தூக்கி வெயிலுக்கு நேரா ஒரு போட்டோ. சாச்சு ஒண்ணு. கரண்டியை விட்டுத் தூக்கி ஒரு வீடியோ. 'சரியா வரல, திரும்ப'ன்னு இன்னொண்ணு. அதுக்குள்ள ஐஸ்கிரீமு எறங்கி, பாலு சுட்டு, வெறும் வெந்நியாப் போச்சு. வாயில வச்சுட்டு, 'ஓவர் ஹைப்பு'ன்னு கடைக்காரனுக்கு ரெண்டு ஸ்டாரு. அவன் என்ன பண்ணுவான் பாவம்? குடிக்கக் குடுத்தான். நீ படம் புடிச்ச.

நுங்கு வாங்கித் தின்னு. ஆனா அதுக்குக் கரண்டி கேக்காத. நுங்குக்காரன் சீவிக் குடுத்ததும் கட்டைவெரலைக் கண்ணுக்குள்ள விட்டு ஒரு நெம்பு நெம்பி உறிஞ்சணும். தண்ணி மொழங்கை வரைக்கும் ஒழுகும். ஒழுகட்டும். சட்டைக் கறை போகாதுன்னு பயந்தா அதைத் திங்கவே கூடாது. கம்பங்கூழு தள்ளுவண்டியில கெடைக்கும். மோரு மிளகா, சின்ன வெங்காயம், மாங்கா ஊறுகா எல்லாம் தட்டுல இருக்கும். இதையே உங்க ஊருல மண்சட்டியில ஊத்தி 'மில்லட் போலு'ன்னு நூத்துக்கணக்குல ரூவா வாங்குறாகளாம். நான் அதைத் தின்னு தின்னு அலுத்துப் போயி எங்கப்பன்கிட்ட நெல்லுச்சோறு கேட்டு அடி வாங்குன காலமும் உண்டு.

மத்தியானம் ஒறக்கம் வராதுங்குறியா? பகல்ல ஒறங்கத் தெரியாத பய எப்படித்தான் பெரிய மனுசன் ஆவியோ. சரி, புதுநத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு. 2023-ல தொறந்தாக. உள்ள ஏசி. நொழைய அஞ்சு பைசா கேக்க மாட்டாக. நீ போட்டு வச்சிருக்கியே ஷாப்பிங் மாலு, அங்க அதே ஏசிக்காக வேண்டாத சட்டை ரெண்டு வாங்கிட்டு வருவ. இங்க புத்தகத்தை மூஞ்சிக்கு நேரா வச்சிக்கிட்டுக் கண்ணசந்தாலும் படிக்கிறான்னுதான் நெனைப்பாக. கொறட்டை மட்டும் ஆகாது.

நாயக்கர் மகாலுக்கு வெயில் தாழப் போ. 1636-ல திருமலை நாயக்கரு கட்டுனது. தூணு ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு ஆளு கையைக் கோத்தாத்தான் கட்டிப் புடிக்கலாம். சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசி வழவழன்னு ஆக்கி வச்சிருக்காகன்னு சொல்லுவாக. இப்ப நீ பாக்குறது மொத்த மகாலுல ஒரு பங்குதான். மீதி எங்க போச்சுன்னு கேளு. அவரு பேராண்டி சொக்கநாத நாயக்கரு இருக்காரே, தலைநகரைத் திருச்சிக்கு மாத்துறேன்னு சொல்லி இருந்ததைப் பிரிச்சுக் கொண்டு போயிட்டாரு. தாத்தன் கட்டுவான், பேரன் பிரிப்பான். உன்னைச் சொல்லலப்பா. நெஞ்சைப் புடிக்காத.

பிரிச்சது போக நின்ன தூணுலதான் நம்ம பயலுக வந்து பேரைக் கிறுக்கி வச்சிருக்காக. ஆட்டினு என்ன, அம்பு என்ன. இன்னாரு இன்னாரைக் காதலிக்கான்னு நாயக்கருக்கு எதுக்கப்பா தாக்கல்? எழுத ஆசையா இருந்தா மறுநா வெள்ளன எந்திரிச்சுக் கீழடிக்குப் போ. பக்கந்தான், சிவகங்கைச் சீமை எல்லை. 2023-ல செட்டிநாட்டு வீட்டுக் கணக்கா ஒரு அருங்காட்சியகம் கட்டி வச்சிருக்காக. ரெண்டாயிரத்து ஐநூறு வருசத்துக்கும் முந்தி வாழ்ந்த சனம். உறைகிணறு வச்சிருந்திருக்கு, தாயக்கட்டை உருட்டியிருக்கு. பானை ஓட்டுல தமிழெழுத்துல 'ஆதன்'னு பேரைக் கீறி வச்சிருக்கு. பாத்துக்க, அவனும் கிறுக்குனவன்தான். ஆனா தன் வீட்டுப் பானையில கிறுக்குனான். அடுத்தவன் தூணுல இல்லை. அதனாலதான் அவனை ஏசி ரூம்புல வச்சிருக்காக. உங்க ஆளு எழுதுனதை வெள்ளையடிச்சு அழிக்கிறாக.

இதெல்லாம் போகட்டும். நீ போற நேரம் சித்திரைத் திருவிழாவாக் கூட இருக்கலாம். பௌர்ணமி எப்ப வருதுன்னு பாத்துக்க. அப்படி இருந்தா உன் பட்டியலைக் கிழிச்சு வைகையில போடு. தண்ணி இருந்தா அடிச்சுட்டுப் போகும். இல்லாட்டியும் பரவாயில்லை.

கோடையில ரெண்டு நாளு மதுரைக்கு வந்து போறது எப்படின்னு தெரியணும்னா கள்ளழகரைப் பாத்துப் படிக்கணும். அவரும் வெளியூருதான். அழகர் மலையிலருந்து வர்றாரு. உன்னை விடப் பெரிய ஆளு. ஆனா எப்படி வர்றாரு? பைய வர்றாரு. பொழுதடையக் கெளம்புறாரு. பதினெட்டாம்படிக் கருப்பன்கிட்டச் சொல்லிட்டுத்தான் மலையை விட்டு எறங்குறாரு. நகையெல்லாம் கருப்பன் முன்னாடி கணக்குச் சொல்லிட்டு, திரும்பி வரும்போதும் காட்டணும்னு சொல்லுவாக. நீ வீட்டைப் பூட்டுனியா? கேஸை மூடுனியா? சொல்லு பாப்போம்.

வழி நெடுக மண்டகப்படி. நூத்துக்கணக்குல இருக்கு. நின்னு நின்னு வர்றாரு. கூப்பிட்ட வீட்டு முன்னால நிக்கிறாரு. 'எனக்கு ஆறே காலுக்கு அடுத்த எடம்'னு வாச்சைப் பாக்கல. மூணுமாவடியில சனம் எதிர்கொண்டு கூப்பிடுது. தல்லாகுளத்துல தங்குறாரு. அங்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளு போட்டுக் கழட்டுன மாலையை வாங்கிப் போட்டுக்கிறாரு. அடுத்த வீட்டுப் பூவை வாங்கிச் சூடுறதுல அவருக்கு ஒண்ணும் கௌரவக் கொறைச்சல் இல்லை. உனக்கு மட்டும் ஒருத்தர் குடுத்த சட்டை ஆகாது. செலவுக்குக் காசு? உண்டியலு வண்டியில கூடவே வருது. இதுதான் பயணத் திட்டம்!

விடியக்காலம் தங்கக் குதிரையில ஏறி ஆத்துல எறங்குறாரு. என்ன கலரு பட்டுன்னு ஊரே எட்டிப் பாக்கும். பச்சைன்னா மழை பெய்யும், வெள்ளாமை வெளையும். அவரு எதுக்கு வந்தாரு? தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு. வந்து பாத்தா கல்யாணம் முடிஞ்சு போச்சு! கதை அப்படித்தான் சொல்லுது. கோவம் வந்துச்சு, ஊருக்குள்ள நொழையலை. ஆனா 'டிரிப்பே வேஸ்டு'ன்னு பொலம்பிக்கிட்டுத் திரும்பிட்டாரா? இல்லையே. ஆத்துல எறங்குனாரு. ராமராயர் மண்டபத்துக்குப் போனாரு. அங்க சனமெல்லாம் ஆட்டுத்தோலுப் பையில தண்ணியைக் கட்டி அவரு மேல பீச்சி அடிக்குது. அந்தத் தோப்பறைத் தண்ணிக்குப் பக்கத்துல போயி நில்லு, உன் கழுத்துக் காத்தாடி எம்மாத்திரம்னு தெரியும். இப்பச் சில பேரு மோட்டாரு வச்சு அடிக்க ஆரம்பிச்சு, கூடாதுன்னு கோர்ட்டு சொல்ற அளவுக்குப் போச்சு. சாமியைக் குளிப்பாட்டச் சொன்னா வண்டியைக் கழுவுற பம்பைத் தூக்கிட்டு வந்தா?

ராவு வண்டியூருல தங்குறாரு. மறுநா தேனூர் மண்டபத்துல தவளையாக் கெடந்த மண்டூக முனிவருக்கு மோட்சம் குடுக்காரு. அந்த ராவே திரும்ப ராமராயர் மண்டபத்துல தசாவதாரம். விடிய விடிய வேசம் மாத்துறாரு. சனமும் விடிய விடிய முழிச்சிருக்கு. பெறகு பூப்பல்லாக்குல ஏறி மலைக்குத் திரும்பிருவாரு. போன காரியம் தவறிப் போச்சு. ஆனா அவரு வந்து போனதுதான் மதுரையிலேயே பெரிய திருவிழா. பட்டியலைப் பாத்துப் பாத்து ஓடுற பயலுக்கு இது வெளங்காது.

நல்லா நிக்கணும்னா பாஸு, மேடைன்னு எவன் கிட்டயும் கெஞ்சாத. பாலத்து மேல ஏறி நசுங்காத. தல்லாகுளத்துப் பக்கம் ஏதாவது ஒரு மண்டகப்படிக்கு முன்னால ராவே துண்டை விரிச்சுப் படுத்துக்க. சாமியே உன்னைத் தேடி வருவாரு. பக்கத்துல கெடக்குற கெழவி பானக்கம் குடுப்பா. வாங்கிக் குடி. ஒருத்தரும் கூட வரலையான்னு கேப்பா. சாதியையும் கேப்பா. 'அழகரு ஊருக்காரன்'னு சொல்லிரு.

திருவிழா இல்லாத நாளுல போனாலும் ராத்திரியைக் கெடுத்துராத. ஒம்பது மணி வாக்குல மறுபடி கோயிலுக்குப் போ. நடை சாத்துறதுக்கு முந்தி பள்ளியறை பூசை. சொக்கரோட பாதத்தைப் பல்லாக்குல வச்சு, மேளம் வாசிச்சு, சாம்பிராணிப் பொகையோட அம்மன் சன்னிதிக்குக் கொண்டு போவாக. கவனிச்சியா? அம்மா அவரு வீட்டுக்கு வர மாட்டா. அவருதான் தெனமும் அம்மா வீட்டுக்குப் போகணும். உலகத்தைப் படைச்சு அழிக்கிறவரு இந்த ஊருல வீட்டோட மாப்பிள்ளை. உங்க வீட்டுல மதுரையா சிதம்பரமான்னு கேப்பாகளே, அது இதை வச்சுத்தான். நீ புதுசாக் கல்யாணம் முடிச்சவன். ஒரு எட்டுப் பாத்து வச்சிக்கிறது நல்லது.

அது முடிஞ்சு வெளிய வா. இப்பத்தான் மதுரை எந்திரிச்சிருக்கும். மாசி வீதிப் பக்கம் இட்டிலிச் சட்டியிலருந்து பொகை வரும். எலையில போட்டதும் சட்டினி நாலு வகையாவது ஊத்துவாக. கேக்காமயே ஊத்துவாக. 'எண்ணெய் இல்லாம, சின்னதா, ஒண்ணே ஒண்ணு'ன்னு பரோட்டாக் கடையில போயி நிக்காத. கல்லுக்காரன் உன்னைச் சீக்காளின்னு நெனைச்சு இட்டிலிக் கடைக்கு வழி சொல்லுவான். கறி தோசை தின்னா ஒண்ணோட நிறுத்திக்க. பருத்திப்பாலு கெடைச்சா விடாத. பருத்திக்கொட்டையை ஊறவச்சு ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டி, சுக்கு போட்டுக் காய்ச்சுனது. சட்டையும் பருத்தியில, சாப்பாடும் பருத்தியிலன்னு வாழ்ந்த ஊரு.

தெப்பக்குளத்துக்கும் சாயங்காலந்தான். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளத்தைத்தான் 1645-ல நாயக்கரு குளமாக் கட்டிட்டாருன்னு சொல்லுவாக. பள்ளம் தோண்டுனா மூடிட்டுப் போறதுதான் இன்னைக்கு ரோட்டுல வழக்கம். அதையும் மூடுறது இல்லைங்குறது வேற விசயம். சுத்துச் சுவருல உக்காந்து காத்து வாங்கு. அங்க ஒரு வேலையும் இல்லை. அதுக்குத்தான் போறது.

ஊருக்குக் கெளம்பும்போது பூ வாங்கணும். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-லேயே குடுத்தாச்சு. அதுக்காகக் கடைக்காரம்மாகிட்டப் போயி 'ஜி.ஐ. டேக் இருக்கா'ன்னு கேட்டு வைக்காத. மொட்டா வாங்கு. விரிஞ்சது வாங்குனா வீடு சேருமுன்னே செவந்து போகும். உதிரியா வாங்குனா எடை. கட்டுனதுன்னா மொழம். யாரு கை மொழம்ங்குறதைப் பாத்து வாங்கு. நெட்டைக் கை உள்ளவகிட்டப் போயி நில்லு. வெலை கூடக் கொறைய இருந்தாலும் பேரம் பேசாத. பூவுக்குப் பேரம் பேசுறவன் வீட்டுல பூ மணக்காதும்பாக.

உங்க ஆத்தாளுக்குச் சுங்குடிச் சேலை ஒண்ணு எடு. சௌராஷ்டிரக்காரக முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துறது. கோடைக்கு அதுக்கு மிஞ்சுன சேலை இல்லை. கடையில நின்னுக்கிட்டு வீடியோ கால் போட்டு எந்தக் கலருன்னு கேக்காத. எதைக் காட்டுனாலும் 'எதுக்குப்பா காசைக் கரியாக்குற'ன்னுதான் சொல்லுவா. எடுத்துட்டு வந்தா மறுநாளே கட்டிக்கிட்டுத் தெருவுல நாலு தரம் நடப்பா.

எனக்கா? எனக்கு என்னத்துக்குப்பா, ஒண்ணும் வேணாம். ஏதோ கேட்டதுக்காகச் சொல்றேன். சோழவந்தான் வெத்தலை ஒரு கவுளி வாங்கிக்க. நல்லா கேட்டு வாங்கு, வேற ஊரு வெத்தலையைக் கட்டி விட்டுருவான். காம்பு தளதளன்னு இருக்கான்னு பாரு. பையில போட்டு நசுக்காம, ஈரத்துணியில சுத்தி மடியில வச்சிக்கிட்டு வா. பஸ்ஸுல ஜன்னலோரம் வெயிலு அடிக்கும், உன் தொப்பியைக் கழட்டி வெத்தலைக்கு மாட்டு. பாக்கு வாங்காத, அது என்கிட்ட இருக்கு.